உளுந்தூர்பேட்டைக்குப் புது விலாசம்

இது தப்பு நெட்வொர்க். கண்ண மூடித் தொறந்து இன்னொருவாட்டி பாத்தேன், மாறல, டெஸ்ட்டுன்னுதான் இருக்குது, நெசமா இடம் மாத்தறப்ப எந்த நெட்வொர்க்குல ஏறணும்ங்கற கட்டத்துல போயி டெஸ்ட்டுன்னு இருக்குது, உளுந்தூர்பேட்டைக்கும் அதே, தொப்பூருக்கும் அதே, கீழ வாலாஜாவும் சமயபுரமும் இருக்குது, ஸ்க்ரோல் பண்ணவே கை வரல, பாக்காம இருந்தா சரியா இருக்குமோன்னு ஒரு நப்பாசை, பாத்தேன், நாலுக்கும் டெஸ்ட். அந்தப் பக்கம் ரேவதியக்கா டேபிளுக்கு பலூன் கட்டிட்டிருக்காங்க, அக்கவுண்ட்ஸ் ரேவதியக்காவுக்கு இன்னிக்குப் பொறந்தநாளு, ஜன்னலுக்கு வெளிய கோயமுத்தூரு வெயிலு மஞ்சத் தண்ணி தெளிச்ச மாதிரி அடிக்குது, புயலுங்கறது வேற ஏதோ நாட்டு விஷயம் மாதிரி, காதுல மாட்டியிருக்கற ஹெட்செட்டுக்குள்ள மட்டும் சென்னை, யூபிஎஸ் விட்டு விட்டுக் கத்துது, அங்க எங்கூட வேலை பாக்கற ஹமீதண்ணா ஏதோ ஸ்டூல இழுக்கறாரு, இழுக்கறப்ப சத்தம் தரைல வர்ற சத்தமா இல்ல, தண்ணில வர்ற சத்தமா இருக்குது. இன்னா கோயம்த்தூரு, சவுண்டே காணோம், கேக்கு துன்றியா, அப்படீங்கறாரு. இல்லீங்கண்ணா, ஒரு நிமிஷம்ங்கண்ணாங்கறேன். அந்த ஒரு நிமிஷத்த வெச்சுட்டு நான் என்ன பண்ணப் போறேன்னு எனக்கே தெரியல.

நாலும் ஊர்ப் பேருதான், ஆனா ஊரில்ல, எங்க பார்சல் கம்பெனியோட சர்வருங்க. பேரு வெச்சது ஹமீதண்ணா. லாரிக் கம்பெனிக்கு லாரி நிக்கற ஊர்ப் பேருதான்மா வெக்கணும், சூரியன் சந்திரன்னு வெச்சா டிரைவருக்குப் புரியாதுன்னாரு, டிரைவருக்கு எதுக்கு சர்வர் பேரு புரியணும்னு நான் கேக்கல, அப்ப நான் வேலைக்குச் சேந்து புதுசு. எல்லாரும் எறங்கிச் சாப்பிட்டுட்டுப் போற எடம்ங்கறதால டேட்டாபேசுக்கு உளுந்தூர்பேட்டை. மாசக் கடைசில ஏத்தத்துல லாரி தெணறுற மாதிரி தெணறுறதால கணக்கு சர்வருக்குத் தொப்பூர். யாரு எவருன்னு கேட்டு உள்ள விடற லாகின் சர்வருக்கு டோல்கேட் ஞாபகமா வாலாஜா. பில்லு பிரிண்ட் பண்றதுக்கு சமயபுரம், ஏன்னா வேண்டிக்கிட்டாத்தான் வரும். நெசமான பெட்டி ஒண்ணே ஒண்ணுதான், சென்னை ஆபீஸ் பேஸ்மெண்ட்ல ஒரு ரூம்ல இருக்குது, அதுக்குள்ள நாலு கம்ப்யூட்டர் இருக்கற மாதிரி ஒரு ஏற்பாடு, விர்ச்சுவல் மெஷினுன்னு பேரு, தொட்டுப் பாக்க ஒண்ணுமில்ல, ஆனா இருக்குது. அந்த நாலுக்கும் இங்க கோயமுத்தூர்ல எங்க ஆபீஸ் பெட்டில ஒவ்வொரு நகலு தூங்கிட்டிருக்குது, அங்க மாறமாற இங்கயும் மாறிட்டே இருக்கும், அங்க ஏதாச்சும் ஆச்சுன்னா இங்க எழுப்பி விட்டா வேலை நிக்காது. எனக்கு இத மொதல்ல சொன்னப்ப புல்லரிச்சுப் போச்சு, சத்தியமா, ஒருத்தரு தூங்கிட்டே இன்னொருத்தரோட வாழ்க்கையக் கனவா காணற மாதிரி இருக்குதுங்கண்ணான்னேன், அவரு சிரிச்சுட்டு, நீ நல்லா வருவம்மா, சம்பளம்தான் வராதுன்னாரு.

அவர நான் பாத்ததே இல்ல. ரெண்டு வருஷமா காதுக்குள்ளயே இருக்கறாரு, வாட்ஸப்புல முகத்துக்குப் பதிலா அவரோட ஸ்கூட்டர் படம், பச்சைக் கலர் பழைய ஸ்கூட்டர், முன்னாடி கிளி ஸ்டிக்கர். வழில பாத்தா வண்டிய எனக்குத் தெரியும், ஆளத் தெரியாது. இன்னிக்குக் காலைல தெருவுல தண்ணி ஏற ஆரம்பிச்சதும் அவரு மொதல்ல பண்ணின வேலை சர்வர் ரூமுக்குப் போனது இல்ல, பார்க்கிங்ல நின்ன ஸ்கூட்டரத் தள்ளிட்டுப் போயி மேல வாட்ச்மேன் கூண்டுக்கிட்ட நிறுத்தினது, அத அவரே சொன்னாரு, சர்வர் போனா கம்பெனி வாங்கும், வண்டி போனா எங்கப்பனா வாங்கித் தருவான்னு. அப்புறந்தான் கீழ வந்தாரு. மேல ஆபீஸ்ல கரண்ட் இல்ல, லீவு விட்டுட்டாங்க, கீழ சர்வர் ரூம்ல மட்டும் யூபிஎஸ் ஓடுது, அதனால அங்க உக்காந்துதான் எதையும் ஆஃப் பண்ண முடியும், ஃபோனுக்குக் கூட அங்க சிக்னல் இல்ல, ஆபீஸ் வைஃபைலதான் எங்கூடப் பேசிட்டிருக்காரு. எல்லாம் ரெடிதானன்னு கேட்டாரு. எல்லாம் ரெடிங்கண்ணான்னேன். போன டிரில்லுல எல்லாம் பச்சையா வந்துச்சில்லைங்களா, அந்த தைரியம். பச்சை. எத்தன பச்சை.

டிரில்லுன்னா ஒத்திகை. ஞாயித்துக்கிழமையாப் பாத்துப் பண்ணுவோம், சென்னை ஓடிட்டிருக்கறப்பவே இங்க நகல எழுப்பிப் பாக்கறது. அப்படியே வெளிய எழுப்பினா ஒரே விலாசத்துல ரெண்டு பேரு ஆயிரும், ரெண்டும் அடிச்சுக்கும், அதுக்குத்தான் டெஸ்ட் நெட்வொர்க்குன்னு ஒண்ணு, சுத்தியும் செவுரு வெச்ச தெரு மாதிரி, உள்ள நாலு வீடு, நாலும் ஒண்ணுக்கொண்ணு பேசிக்கும், வெளிய யாருக்கும் கேக்காது. நாலும் எழுந்ததும் ஸ்க்ரீன்ல நாலு கட்டமும் பச்சையாவும், எங்க மேனேஜர் தண்டபாணி சார் வந்து நின்னு கண்ணாடியத் தூக்கி விட்டுட்டு அத ஃபோன்ல போட்டோ எடுப்பாரு, மொதலாளிக்கு அனுப்புவாரு, மொதலாளி கட்டைவிரலத் தூக்கிக் காட்டுவாரு, எங்களுக்கு போண்டா வரும். பச்சை போட்டோன்னே அதுக்குப் பேரு. போட்டோ போயிருச்சுன்னா டிரில் முடிஞ்சுது. செவுத்துக்கு வெளிய எழுந்தா எந்தத் தெருவுல நிக்கணும், எந்த விலாசம், எந்த வாசல் வழியா வெளிய போகணும், அதையெல்லாம் நெரப்பறதுக்குத் தனியா ஒரு பக்கமே இருக்குது, அந்தப் பக்கத்த இங்கயும் யாரும் தொறக்கல, அங்கயும் யாரும் தொறக்கல, போண்டாவுக்கு அப்புறம் யாரு தொறப்பாங்க. இப்பத் தொறந்திருக்கேன். இப்படியே எழுப்பினா நாலும் கும்முனு எழும், பச்சையா எழும், செவுத்துக்குள்ள. ஊரு பூரா இருக்கற பிராஞ்சு கூப்பிட்டுக்கிட்டே இருக்கும், அதுங்களுக்குக் கேக்காது. உயிரு இருக்கும், கேக்காது. சொல்லிட்டேன் அவருகிட்ட. "சரி விடு, ஒண்ணொண்ணா மாத்து, நீ ரெடின்னு சொல்லு, நான் இங்க ஆஃப் பண்றேன், தண்ணி செருப்பத்தான நனைக்குது, காலயா கடிக்குது" அப்படீன்னாரு.

வாலாஜா. நெட்வொர்க், டெஸ்ட்ட எடுத்துட்டு கோவை லைவ். விலாசம், புதுசு. வாசல், இந்த ஊரு வாசல். பேரக் கேட்டா விலாசம் சொல்ற சர்வர், இந்த ஊருது. சேவ். ரெடிங்கண்ணா. அவரு அங்க ஆஃப் பண்றாரு, கடைசியா மாறின துளித்துளி இங்க வருது, எவ்வளவு வந்துச்சுன்னு காட்டற பட்டை ஸ்க்ரீன்ல நகருது, காலைல இருந்தே லைன் இழுத்து இழுத்துத்தான் வருது, மழைல நனைஞ்ச பீடி மாதிரின்னு அவரு சொன்னாரு. நகருது. நிக்குது. நகருது. நான் ஸ்க்ரீன்ல கறுப்பு ஜன்னல் ரெண்டு தொறந்து ஓரமா வெச்சிருக்கேன், ஒண்ணு அங்க இருக்கற பெரிய பெட்டிக்கு, இன்னொண்ணு அந்த ரூம்ல எல்லா வயரும் வந்து சேர்ற ஸ்விட்சுக்கு. பிங். எனக்கு ரொம்பப் பிடிச்ச விஷயம் பிங்கு. இருக்கியான்னு கேட்டா இருக்கேன்னு சொல்றது, அவ்வளவுதான், வேற ஒண்ணும் பேசாது. காலேஜ் லேப்ல மொதவாட்டி நானே வயர் அடிச்சு நானே மாட்டி எதுத்த பெஞ்சு கம்ப்யூட்டருக்கு அடிச்சப்ப பதில் வந்துச்சு, நான் கத்திட்டேன், எல்லாரும் திரும்பிப் பாத்தாங்க, காதல் கடிதத்துக்குப் பதில் வந்த மாதிரி இருந்துச்சு, இதுவரைக்கும் எனக்கு வேற பதிலும் வந்ததில்லைங்கறது தனிக் கதை. ஹமீதண்ணா காலைலயே சொல்லியிருக்காரு: எல்லாம் முடிஞ்சா மொதல்ல பெட்டிய ஆஃப் பண்ணுவேன், உன் ஒரு ஜன்னல்ல பதில் நிக்கும், அப்பால கொஞ்சம் கழிச்சு ஸ்விட்ச ஆஃப் பண்ணுவேன், ரெண்டாவதும் நிக்கும், அத்தப் பாத்தீன்னா நான் படியேறிட்டேன்னு அர்த்தம், நீ போயி கேக்கு துன்னலாம். மொதல்ல பெட்டி, அப்புறம் ஸ்விட்சு. மொதல்ல ஒண்ணு, அப்புறம் ஒண்ணு. வாலாஜா எழுந்துருச்சு. பச்சை.

தண்டபாணி சார் பின்னாடி வந்து நிக்கறாரு, திருநீறு வாசம் வருது. என்ன கண்ணு, நேரமாகுது போலன்னாரு. சொன்னேன். அவருக்குப் புரிஞ்சுதா இல்லையான்னு தெரியல, ஒரு பில்லு கூடப் போகக்கூடாது கண்ணு, மொதலாளி அதத்தான் கேப்பாருன்னு சொல்லிட்டு கேக்கப் பாக்கப் போயிட்டாரு. பில்லு. ஸ்க்ரீன்ல ரெண்டு பட்டன் இருக்குது. ஒண்ணு இப்ப நாங்க பண்ணிட்டிருக்கறது, முறையா மாத்தறது, அங்க ஒழுங்கா ஆஃப் பண்ணி கடைசித் துளி வரைக்கும் வாங்கிட்டு இங்க எழுப்பறது, ஒண்ணும் போகாது. இன்னொண்ணு அவசரத்துக்கு, அங்க யாரும் வேண்டாம், எதுவும் ஆஃப் பண்ண வேண்டாம், இங்க கடைசியா என்ன வந்து சேந்துச்சோ அத வெச்சுட்டு எழுப்பிரலாம், வராத துளி போனது போனதுதான். லைன் இழுக்கறதால உளுந்தூர்பேட்டை மட்டும் கொஞ்சம் பின்தங்கியிருக்குது, மத்தியானச் சாப்பாட்டுக்கு முந்தி வரைக்கும் வந்திருக்குது, அதுக்கப்புறம் புயல் இல்லாத ஊருல இருந்து புக்கான கொஞ்சம் பில்லு வரல. சிவப்பு கலர் பட்டன். அத அமுக்கிட்டு, அண்ணா, மேல போங்கன்னு சொல்லலாம். இப்பவே. சொல்லிப் பாத்தேன். ஐய, அத்தெல்லாம் வாணாம், அஞ்சு நிமிஷ மேட்டருக்கு எதுக்கு ரத்தக்களரி, இத்தினி வருஷத்துல ஒரு பில்லு விட்டதில்ல நானுன்னாரு. சரிங்கண்ணான்னேன். ஏன் சரின்னேன். எனக்கும் ஆசை. அதுதான். நெசமான ஆபத்துல ஒண்ணுகூடப் போகாம மாத்திக் காட்டணும்னு எனக்கும் உள்ளுக்குள்ள ஒரு நமநமப்பு, யூடியூப்ல வெள்ளைக்காரங்க பேசறப்ப சொல்லுவாங்களே ஜீரோ லாஸுன்னு, அந்த வார்த்தை வாயில மிட்டாய் மாதிரி கெடக்குது, அதத் துப்ப மனசில்ல. சமயபுரம். நெட்வொர்க், விலாசம், வாசல், பேரு. சேவ். ரெடிங்கண்ணா. பட்டை நகருது.

நகர்ற வரைக்கும் நான் என்ன பண்ணட்டும். கேக் வெட்டறாங்க, கை தட்டறாங்க, யாரோ பேப்பர் பிளேட்டுல ஒரு துண்டு கொண்டுவந்து என் கீபோர்டு பக்கத்துல வெச்சுட்டுப் போயிட்டாங்க, க்ரீமு எண்டர் கீல ஒட்டிருச்சு, நக்கலாமா தொடைக்கலாமான்னு ஒரு நிமிஷம் மூளை அதையே நெனைக்குது, மூளைக்கு வெக்கமே இல்ல. சின்னதுல கார்ப்பரேஷன் நீச்சல் குளத்துக்கு அப்பா கொண்டுபோயி விட்டாரு, கோச்சு விசில் வெச்சிருப்பாரு, என்னைத் தள்ளி விட்டப்ப தண்ணிக்குள்ள அந்த விசில் கேட்டுச்சு, ரொம்ப தூரத்துல, வேற வீட்டுல குக்கர் கத்தற மாதிரி, காது அடைச்சு, மேல எது கீழ எதுன்னு தெரியாம, கண்ணத் தொறந்தா நீலமா எங்க பாத்தாலும் ஒரே மாதிரி இருந்துச்சு, அன்னிக்கோட நீச்சல் போச்சு. இப்ப ஹெட்செட்ல யூபிஎஸ் சத்தம் அந்த விசில் மாதிரியே இருக்குது. அண்ணா, தண்ணி எங்க இருக்குதுங்கண்ணான்னு கேக்கறேன். கணுக்காலத் தாண்டிக்கிச்சு, பேண்ட மடிச்சு விட்டுட்டேன், செம ஸ்டைலா கீறேங்கறாரு. சமயபுரம் பச்சை. வேண்டிக்காமயே வந்துருச்சுங்கண்ணாங்கறேன், சிரிக்கறாரு, நல்ல சிரிப்பு, இருமல்ல முடியற சிரிப்பு.

தொப்பூர். இதுதான் மாட்டிக்கிச்சு. எல்லாம் நெரப்பினேன், ரெடின்னேன், அங்க ஆஃப் ஆச்சு, இங்க எழுந்துச்சு, பச்சையும் ஆச்சு, ஆனா கூப்பிட்டா பதில் இல்ல. இருக்கியா. இல்ல. இருக்கியா. இல்ல. உள்ள போயிப் பாத்தா அதுக்குத் தன்னோட பழைய நெட்வொர்க் கார்டுதான் ஞாபகம் இருக்குது, இங்க குடுத்த புதுக் கார்டு யாருன்னே தெரியல, பழசு வரும் வரும்னு காத்துட்டிருக்குது, புதுசுக்கு விலாசமே குடுக்கல. ஊரு மாறினது அதுக்குத் தெரியாது. சரி, கையால குடுக்கறேன், விலாசம் அடிச்சேன், வாசல் அடிச்சேன், மறுபடி எழுப்பினேன், பதில் இல்ல. ஏன். ஏன். திரும்பப் போயிப் பாத்தா வாசலுக்கு நேரா நான் அடிச்சிருக்கறது சென்னை வாசலு. என் விரலு. ரெண்டு வருஷமா அதையே அடிச்சுப் பழகுன விரலு, நான் கோவைன்னு நெனைக்க அது தானாப் போயி சென்னைய அடிச்சிருக்குது. அழிச்சு மாத்தினேன், எழுப்பறேன், அந்தச் சின்ன வட்டம் சுத்துது சுத்துது, அங்க அவரு ஸ்டூல் மேல ஏறி உக்காந்துட்டாரு, சத்தம் வருது. தப்பு அடிச்சுட்டங்கண்ணா, வாசல மாத்தி அடிச்சுட்டேன்னேன். திட்டுவாருன்னு இருந்தேன், திட்டினா நல்லா இருந்திருக்கும். இன்னாத்துக்கு அழுவுற, என் வீட்டு அட்ரஸே எனக்குத் தப்பாத்தான் வரும், மொள்ளமா அடின்னாரு. தொப்பூர் பதில் சொல்லிருச்சு. இருக்கேன்னு.

உளுந்தூர்பேட்டைக்கும் எல்லாத்தையும் நெரப்பி ரெடிங்கண்ணான்னு சொன்னேன், அப்பத்தான் எனக்கு அந்தக் கதவு ஞாபகம் வந்துச்சு. எங்கிருந்து வந்துச்சுன்னு தெரியல, ஏசி ஆளு வந்தப்ப இவரு சொன்ன ஒரு கதை, சர்வர் ரூம் கதவுக்கு நாலு பக்கமும் ரப்பர் அடிச்சிருக்காங்க, குளுரு வெளிய போகக்கூடாதுன்னு, வெளிப்பக்கமாத் தள்ளித்தான் தொறக்கணும், அந்த ரப்பர் புடிச்சுக்கிட்டு வராது, தெனமும் ஒரு ஒதை விடணும், கல்யாணம் ஆனப்புறம் நான் ஒதைக்கற ஒரே ஆளு இந்தக் கதவுதான்னு சொல்லுவாரு. இன்னிக்கும் அத மூடித்தான் வெச்சிருக்காரு, தண்ணி மெஷின்கிட்ட வரக்கூடாதுன்னு. கதவு இடுக்குல கசிஞ்சு வர்ற தண்ணியே கணுக்காலத் தாண்டியிருக்குது. கசிஞ்சு வந்ததே அவ்வளவுன்னா வெளிய எவ்வளவு. வெளிய பார்க்கிங்கு. பார்க்கிங்குக்கு ரேம்ப்பு. ரேம்ப்பு மேல தெரு. தெருவுல காலைலயே தண்ணி. அந்தக் கதவ வெளிய தள்ளணும். வெளிய இருக்கறது தள்ள விடுமா.

"அண்ணா, வெளிய எவ்வளவு இருக்குதுங்கண்ணா?"

"கதவத் தொறந்தாத்தானம்மா தெரியும். தொறந்தா மொத்தமா உள்ள வந்துரும், பெட்டி கீழ் தட்டுலதான் கீது. முடிச்சிட்டு ஒரே தொறப்பு, ஒரே ஓட்டம்."

"இப்பத் தொறங்கண்ணா. நான் அவசர பட்டன அமுக்கிக்கறேன். பில்லு போனாப் போகட்டும்ங்கண்ணா, தயவுசெஞ்சு தொறங்க."

"உளுந்தூர்பேட்டைய ஆஃப் பண்ணிட்டேம்மா. ஓடுது பாரு உன்னாண்ட, பட்டை ஓடுதா?"

ஓடுது. ஓடுதுங்கண்ணா. நான் பட்டையப் பாக்கறதா, ஜன்னலப் பாக்கறதா, முக்காவாசி வந்துருச்சு, நிக்குது, நகருது, மனசு ரெண்டாப் பிரிஞ்சு ஒரு பாதி வா வா வாங்குது, இன்னொரு பாதி போங்க போங்க போங்கங்குது, அவரு ஏதோ கேக்கறாரு, கேக்கு என்னா கேக்குன்னு கேக்கறாரு, பிளாக் ஃபாரஸ்ட்டுங்கண்ணான்னு சொல்ல வாயெடுத்தேன், ரெண்டு ஜன்னலும் நின்னுருச்சு.

ஒண்ணு நின்னு அப்புறம் ஒண்ணு இல்ல. ரெண்டும். ஒரே நேரத்துல, ஒரே வரில. காதுக்குள்ள யூபிஎஸ் இல்ல, தண்ணி இல்ல, ஸ்டூலு இல்ல, பேசிட்டிருந்த லைன் கட்டாகிக் கெடக்குது. மொதல்ல பெட்டி, அப்புறம் ஸ்விட்சுன்னாரே. கொஞ்சம் கழிச்சுன்னாரே. அவரு ஆஃப் பண்ணினா இப்படி நிக்காது. அவரு ஆஃப் பண்ணல. வேற ஒண்ணு ஆஃப் பண்ணியிருக்குது. கூப்பிடறேன், ரிங்கே போகல, அவரோட இன்னொரு நம்பருக்கு அடிக்கறேன், நீங்கள் தொடர்பு கொள்ளும் வாடிக்கையாளர், அந்தப் பொண்ணு நிதானமாச் சொல்லுது, அதுக்கு எந்த அவசரமும் இல்ல. நான் எழுந்து நின்னுட்டேன் போல, எல்லாரும் என்னப் பாக்கறாங்க, ரேவதியக்கா கைல கத்தி, நுனில க்ரீமு. தண்டபாணி சார் ஓடி வர்றாரு. சாருங்க, தீயணைப்புக்குக் கூப்பிடுங்க, அவரு உள்ள இருக்காருங்க, கதவு வெளிய தள்ளணும்ங்க, தொறக்காதுங்க. என்ன சொன்னேன்னு எனக்கே சரியாத் தெரியல. அவரு ஃபோன எடுத்துட்டு வராண்டாவுக்கு ஓடினாரு.

ஸ்க்ரீன்ல ஒரு சின்னப் பெட்டி வந்து நிக்குது. சோர்ஸ் கிடைக்கவில்லை. கடைசியாக வந்து சேர்ந்த நிலையில் இருந்து தொடரலாமா. அந்தச் சிவப்பு பட்டன்தான், இப்ப அது மட்டும்தான் இருக்குது. அமுக்கினேன். உளுந்தூர்பேட்டை எழுந்துருச்சு. கோவை லைவ், புது விலாசம், புது வாசல், எல்லாம் சரி, ஒரு தப்பு இல்ல, கூப்பிட்டதும் பதில், ஊரு ஊரா பிராஞ்சு உள்ள வருது, நாலு கட்டமும் பச்சை. பாதில நின்ன பட்டை கணக்குல சேராது, மத்தியானச் சாப்பாட்டுக்கு முந்தி எங்க நின்னுச்சோ அங்க இருந்து எழுந்திருக்குது. அவ்வளவு நேரம் அவரு அங்க உக்காந்திருந்ததுக்கு முந்தி எங்க இருந்துச்சோ அங்க. நான் வாலாஜாவத் தொடறதுக்கு முந்தி இதே பட்டன அமுக்கியிருந்தாலும் இதே எடத்துல இருந்துதான் எழுந்திருக்கும். அப்பக் கதவு தொறந்திருக்கும். செருப்புதான நனைஞ்சுது அப்ப. அத எப்படித் திருப்பிப் போட்டுப் பாத்தாலும் அங்கயே வந்து நிக்குது, செருப்புதான நனைஞ்சுது.

தண்டபாணி சார் திரும்பி வந்தாரு. கண்ணாடியக் கழட்டிக் கைல வெச்சிருந்தாரு. வாட்ச்மேன்கிட்டப் பேசினாராம். ரேம்ப்பு முழுக்கத் தண்ணியாம், பார்க்கிங் சீலிங் வரைக்கும், கரண்ட் பெட்டி வெடிச்ச சத்தம் கேட்டுச்சாம், தீயணைப்பு வந்துட்டிருக்காங்களாம், வழில மரம். ஒருவேளை வேற வழியா மேல வந்து வீட்டுக்குக் கெளம்பியிருப்பாரோ என்னவோ கண்ணுன்னு சொல்ல ஆரம்பிச்சவரு பாதில நிறுத்திட்டாரு. நான் கேட்டேன், "சாருங்க, அந்தப் பச்சை ஸ்கூட்டர்?"

அவரு தரையப் பாத்தாரு. "கூண்டுக்கிட்டயேதான் நிக்குதாம் கண்ணு."

யாரும் போட்டோ எடுக்கல. நாலு பச்சையும் சும்மா இருந்துச்சு. பலூன் ஒண்ணு ஃபேன் காத்துக்கு ஆடி ஆடி செவுத்துல முட்டுது. கரூர் பிராஞ்சுல இருந்து லேண்ட்லைனுக்குக் கூப்பிட்டாங்க, மத்தியானம் போட்ட பில்லு ஒண்ணு காணோம்ங்களேன்னு, அந்தாளுக்கு ஒண்ணும் தெரியாது பாவம். தண்டபாணி சார் ஃபோன வாங்கி, ரொம்ப மெதுவா, பரவால்லீங்க, மறுபடி சொல்லுங்க, போட்டுக்கலாம்னாரு, சொல்லிட்டு அவரே அந்த வார்த்தையக் கேட்டுட்ட மாதிரி ரேவதியக்கா சேர்ல உக்காந்துட்டாரு, ஃபோன் எங்கிட்ட வந்துருச்சு. நான் உளுந்தூர்பேட்டையத் தொறந்தேன். கரூர்ல இருந்து தேனிக்கு ஒரு மிக்சி. அனுப்பறவரு பேரு, வாங்கறவரு பேரு. எண்டர் கீல க்ரீமு காஞ்சு போயிருந்துச்சு. ஒரு நிமிஷங்கூட ஆகல. ஓரத்துல ரெண்டு கறுப்பு ஜன்னலும் இன்னும் கேட்டுட்டேதான் இருக்குது, இருக்கியா, இருக்கியா, நான் மூடல. புது பில் நம்பரு வந்துச்சு, சாப்பாட்டுக்கு முந்தி நின்ன நம்பருக்கு அடுத்தது, அந்தாளுக்குப் படிச்சுச் சொன்னேன்.

"அட, இதே நம்பர்தாங்க மத்தியானமும் வந்துச்சு, அனுப்பற பார்ட்டிக்குக் கூட இதத்தான் சொல்லியிருந்தேன்" அப்படீன்னாரு கரூர்க்காரரு, சந்தோஷமா. "அப்ப ஒண்ணும் போகலைங்க."